பார்லி வயலும் பழத்தோட்டமும்
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)





இன்று இளைஞர் பலர் நாடிச் செல்லும் தொழில்களுள் ஒன்று தரவு விஞ்ஞானம். அதனைப் பற்றிச் சில வார்த்தை கூறுமாறு பணிக்கப்பட்டிருக்கிறோம். தொழிலைப் பற்றி மாத்திரமன்றி, அத்தொழில் செய்பவன் எஞ்சிய நேரத்தில் என்ன செய்கிறான், எதில் மனம் தோய்கிறான் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பது இளைஞர் பகுதியினரின் வேண்டுகோள். இவ்வேண்டுகோளின் பின்னே ஒரு கவலை மறைந்து நிற்பதை நாம் உணர்கிறோம். கந்தோரிலும் கணினி, வீட்டிலும் கணினி, கையிலும் கணினி என்று ஆகிவிட்ட இந்நாளில், இத்தொழிலுக்குப் போகும் பிள்ளை நாளடைவில் தானே ஓர் எண்ணாகிவிடுவானோ என்பதே அக்கவலை. பெற்றோரின் கவலையோ இதற்கு நேர்மாறானது. பிள்ளை வயலினைத் தொட்டால், "படிப்பு என்னாவது?" என்கிறார்கள், பூஞ்சாடிக்குத் தண்ணீர் ஊற்றினால், "சோதனைக்கு இன்னும் எத்தனை நாள்?" என்கிறார்கள். இவ்விரு கவலைக்கும் இடையே நின்று பேசவேண்டியிருக்கிறது.

வெறும் உபதேசம் செய்வதிலும் பார்க்க ஒரு மனிதனின் வரலாற்றைக் கூறுவது நன்று என்று எண்ணுகிறோம். தரவு விஞ்ஞானி என்ற பெயர் 2008ஆம் ஆண்டளவிலேதான் தொழிற்பெயராக வழங்கத் தொடங்கியது. ஆனால் பெயர் வருவதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே அத்தொழிலைச் செவ்வனே செய்த இளைஞர் ஒருவர் அயர்லாந்தின் தலைநகராம் டப்ளினில் இருந்தார். வில்லியம் சீலி கொசெட் என்பது அவர் பெயர். உலகம் அவரை அப்பெயரால் நெடுநாள் அறியவில்லை. 'ஸ்டுடன்ட்', அதாவது 'மாணவன்', என்னும் புனைபெயராலேயே அறிந்தது. புள்ளிவிபரவியல் படித்த நம் பிள்ளைகள் 'ஸ்டுடன்டின் டி பரிசோதனை' என்று உருப்போட்டிருப்பார்கள். அது மாணவருக்கென்று ஏற்பட்ட பரிசோதனை என்று எண்ணியிருப்போரும் இச்சபையில் இல்லாமற் போகார்.

இவர் வேலை பார்த்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அது கின்னஸ் என்னும் பியர் ஆலை. முன்வரிசையில் இருக்கும் பெரியோர் சிலரின் நெற்றி சுருங்குவது தெரிகிறது. மதுவுக்குப் பரிந்து பேச நாம் வரவில்லை. ஆலையிலிருந்து வெளிவந்த பீப்பாவை விட்டுவிடுவோம். அங்கிருந்து வெளிவந்த கணக்கை மாத்திரம் எடுத்துக்கொள்வோம். இன்று புதிய மருந்து ஒன்று நோயைத் தணிக்கிறதா, புதிய நெல்லினம் விளைச்சலைக் கூட்டுகிறதா என்று சீர்தூக்குவோர் அந்தக் கணக்கைத்தான் கையாளுகிறார்கள்.

கொசெட் 1876ஆம் ஆண்டு யூன் 13ஆம் திகதி இங்கிலாந்தின் கன்ரபரியில் பிறந்தார். தந்தையார் படையில் பொறியியற் பிரிவின் அதிகாரி. மகனும் அவ்வழியே போக விரும்பினான். கண்பார்வை குறைவு என்று படையில் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆகவே ஒக்ஸ்போட்டின் நியூ கொலிஜிற் கணிதமும் இரசாயனமும் கற்றார். 1899இல் இரசாயனத்தில் முதல் வகுப்பிற் தேறி, அவ்வாண்டே டப்ளினுக்குக் கப்பலேறினார். அப்போது வயது 23. அக்காலத்தில் கின்னஸ் நிறுவனம் ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் ஆகிய இடங்களிலிருந்து விஞ்ஞானப் பட்டதாரிகளைத் தெரிந்தெடுத்து வேலைக்கு வைத்துக்கொண்டிருந்தது.

அங்கே இந்த இளைஞர்கள் கண்டது என்ன? பார்லித் தானியம் மூடைக்கு மூடை வேறுபட்டது. ஆண்டுக்கு ஆண்டு வேறுபட்டது. வெய்யிலுக்கும் மழைக்கும் ஏற்ப வேறுபட்டது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் பணமும் நேரமும் செலவாகும். ஆகவே கையிற் கிடைப்பவை நாலு அளவீடுகள், ஐந்து அளவீடுகள், மிஞ்சிப்போனாற் பத்து. இவற்றை வைத்துக்கொண்டு பெருந்தொகைப் பணத்தைப் பற்றிய முடிவுகளை எடுக்கவேண்டும்.

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று நம் வீடுகளிற் சொல்லுவார்கள். மாதிரி எடுத்தல் என்னும் சாத்திரம் முழுவதும் இப்பழமொழிக்குள் அடக்கம். ஆனால் அகப்பை பிடித்த அம்மாவைக் கேட்டாற் சொல்லுவார்: பானையை நன்றாகக் கிளறியிருந்தாற்றான் ஒரு சோறு போதும், அடி குழைந்து மேல் விறைத்திருக்கும் பானைக்கு ஒரு சோறு போதாது. அப்படியானால் எத்தனை சோறு போதும்? இரண்டா, நாலா, நாற்பதா? கொசெட் தம்மையே கேட்டுக்கொண்ட கேள்வி இதுதான்.

1904ஆம் ஆண்டு அவர் தம் நிறுவனத்தாருக்கு ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார். முளைத்த பார்லியிலிருந்து எடுக்கும் சாற்றின் தரத்தைப் பாகைக் கணக்கில் அளப்பார்கள். அவ்வளவு உண்மையான அளவிலிருந்து அரைப் பாகைக்கு மேற் பிசகாமல் இருப்பதற்குப் பத்துக்கு ஒன்று என்ற அளவில் நிச்சயம் வேண்டுமானால், எத்தனை முறை அளக்கவேண்டும்? குறைந்தது நாலு முறை அளந்து சராசரி காணவேண்டும் என்று அவர் விடை கண்டார். "இயன்ற மட்டும் அதிகமாக அளவுங்கள்" என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அவர் அப்படிச் சொல்லவில்லை. எவ்வளவு நிச்சயம் வேண்டும் என்பது, அதனால் வரும் இலாபத்தையும் அதற்காகும் செலவையும் பொறுத்தது என்பது அவர் துணிபு. இன்று பெருங்கம்பனிகளில் கோடிக்கணக்கான தரவுகளைக் குவித்துவைத்துக்கொண்டு, எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதை மறந்துவிடுவோர் உளர். அவர்களுக்கு இவ்வறிக்கையை ஒருமுறை வாசித்துக் காட்டவேண்டும் போலிருக்கிறது.

ஆனால் கணக்கில் ஓரிடம் அவரை உறுத்தியது. அந்நாளிற் புள்ளிவிபரவியலின் பேராசானாக இலண்டனில் விளங்கியவர் கார்ல் பியர்சன். அவருடைய முறைகள் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான அளவீடுகளுக்குப் பொருந்துபவை. 1905ஆம் ஆண்டுக் கோடைவிடுமுறையிற் பியர்சன் நாட்டுப்புறத்திலே தங்கியிருந்தார். கொசெட் அங்கே துவிச்சக்கரவண்டியில் ஏறிச்சென்று அவரைச் சந்தித்தார். ஏறக்குறைய இருபது மைல் மிதித்துப்போய்ச் சந்தேகம் கேட்ட மாணவன்! அந்தச் சந்திப்பின் பயனாக, 1906ஆம் ஆண்டு நிறுவனத்தாரின் அனுமதியுடன் ஓராண்டு இலண்டன் சென்று பியர்சனின் ஆய்வுகூடத்திற் பயின்றார். திருமணமும் அவ்வாண்டிலேயே நடந்தது.

முதலில் வெளிவந்தது 1907இல் மதுவக் கலங்களை எண்ணுவதைப் பற்றிய கட்டுரை. நுணுக்குக்காட்டியின் கீழே, 400 சிறு கட்டங்கள் வரைந்த கண்ணாடித்தட்டில், ஒரு துளி நீரிலுள்ள மதுவக் கலங்களைக் கட்டம் கட்டமாக எண்ணவேண்டும். ஒரு கட்டத்தில் மூன்று, அடுத்ததில் ஐந்து, மற்றொன்றில் ஒன்றுமில்லை. இந்த ஏற்ற இறக்கம் எண்ணியவரின் கவலையீனத்தால் வருவதா, அன்றி இயல்பாகவே அமைவதா? இயல்பே என்றும், அவ்வியல்புக்கும் ஒரு விதி உண்டு என்றும் அவர் காட்டினார். பிரான்சு நாட்டுப் போய்சன் 1837இல் எழுதிவைத்த விதியே அது.

அடுத்த ஆண்டு, 1908இல், 'பயோமெட்ரிக்கா' என்னும் சஞ்சிகையில் அவருடைய பெருங்கட்டுரை வெளிவந்தது. இதைச் சற்று விரித்துச் சொல்ல ஆசைப்படுகிறோம். கணக்கென்றால் அஞ்சுவோர் சிறிது பொறுத்தருள்க.

பல அளவீடுகள் இருந்தால், அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்பதை நாம் நன்கு அறியலாம். நாலே நாலு அளவீடுகள் இருந்தாலோ, சராசரியும் சந்தேகம், விலகலும் சந்தேகம். தற்செயலாக நாலும் நெருங்கி அமைந்துவிட்டால், "ஆகா, எவ்வளவு நிச்சயம்!" என்று நாம் ஏமாந்துபோவோம். பழைய மணிவடிவ வளைகோட்டை நம்பினால் இந்த ஏமாற்றத்துக்கு இடமுண்டு. ஆகவே அளவீடு குறையக் குறைய நாம் விடும் எல்லையை அகட்டவேண்டும். எவ்வளவு அகட்டவேண்டும்? நூற்றுக்கு 95 நிச்சயம் வேண்டுமென்றால், பெருந்தொகையான அளவீடுகளுக்குச் சராசரியின் நியம வழுவைப்போல ஏறத்தாழ இருமடங்கு விட்டாற் போதும். நாலே அளவீடுகளுக்கு மூன்று மடங்குக்கும் சற்று மேலாக விடவேண்டும். குறைவாக அறிந்தவன் குறைவாகவே அடித்துப்பேசலாம் என்பதை எண்களாற் செய்து காட்டியவர் இவர்.

சூத்திரத்தைக் கண்டதோடு அவர் அமைந்துவிடவில்லை. அது மெய்தானா என்று சோதித்தார். குற்றவாளிகள் 3000 பேரின் உயரமும் இடக்கை நடுவிரலின் நீளமும் அளந்து முன்னரே வெளியிடப்பட்டிருந்தன. கொசெட் அவ்வளவுகளை 3000 அட்டைகளில் எழுதினார். சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல நன்றாகக் கலைத்தார். பிறகு நாலு நாலாகப் பிரித்து 750 சிறு மாதிரிகளாக்கினார். ஒவ்வொன்றுக்கும் சராசரியும் விலகலும் கணித்து, தம் சூத்திரம் சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இன்று கணினி இமைப்பொழுதிற் செய்யும் காரியம். அன்று கைவிரலும் பொறுமையுமே கருவிகள். கணினிக்கு முந்திய காலத்துச் 'செயற்கைப் பரிசோதனை'களுள் இது புகழ்பெற்றது. எமக்கு அச்சூத்திரத்திலும் பார்க்க அந்த 3000 அட்டைகளே அதிக மதிப்பைத் தருகின்றன.

அதே கட்டுரையில் இன்னோர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து மனநல மருத்துவமனை ஒன்றிற் பத்து நோயாளருக்குத் தூக்க மருந்துகள் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். இரண்டு மருந்துகளில் எது அதிகம் தூங்கவைத்தது? சராசரியாக 1.58 மணித்தியால வித்தியாசம். பத்துப்பேரை வைத்து இதை நம்பலாமா என்று கொசெட் கணக்குப் பார்த்து, நம்பலாம் என்று காட்டினார். இதில் ஒரு வேடிக்கை: மருந்துகளின் பெயரை மூலக்கட்டுரையிலிருந்து எடுத்தெழுதும்போது அவர் மாறி எழுதிவிட்டார். கணக்குச் சரி, தலைப்புப் பிழை! வேறொருவர் சுட்டிக்காட்டும் வரை அப்பிழை நெடுங்காலம் பாடநூல்களில் உலாவியது. இன்று புள்ளிவிபரத்துக்கென இலவசமாகக் கிடைக்கும் 'ஆர்' என்னும் மென்பொருளைக் கணினியில் ஏற்றுகிற எவருக்கும் அந்தப் பத்துப்பேரின் தூக்கக் கணக்கு கூடவே வந்து சேர்கிறது. தரவு விஞ்ஞானியின் நாளிற் பெரும்பகுதி கணிப்பதிலன்று, கிடைத்த தரவைத் துப்புரவாக்குவதிலும் தலைப்புச் சரியா என்று பார்ப்பதிலுமே கழிகிறது என்று இத்தொழில் செய்யும் பிள்ளைகள் சலித்துக்கொள்வதுண்டு. அந்தச் சலிப்பான வேலை எதற்கு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

'மாணவன்' என்ற பெயர் எதற்காக? தொழில் இரகசியம் வெளியே போய்விடும் என்று அஞ்சிய நிறுவனம், ஊழியர் தம் பெயரில் ஆய்வுகளை வெளியிட இடங்கொடுக்கவில்லை. புனைபெயரில் எழுதலாம் என்று பின்னர் இசைந்தது. வேறொருவராயின் மனம் குமுறியிருப்பார். கொசெட் முப்பதாண்டுக் காலம் அப்பெயரிலேயே எழுதினார். புகழ் தமக்குரியது என்று அவர் அலைந்ததாகத் தெரியவில்லை.

சிறு மாதிரிகளைப் பற்றிய இவ்வேலையைப் பியர்சன் முதலிற் பெரிதாக மதிக்கவில்லை. அவ்வளவு குறைந்த அளவீடுகளுடன் மாரடிப்பவர்கள் பியர் காய்ச்சுவோர்தாம் என்று கேலியும் செய்தார். அதன் பெருமையைக் கண்டவர் ரொனால்ட் பிஷர். 1912இல், கேம்பிரிட்ஜில் மாணவராயிருந்த காலத்திலேயே, கொசெட்டின் சூத்திரத்துக்கு முறையான நிறுவல் எழுதி அவருக்கு அனுப்பினார். அந்தக் கணிதம் தமக்கு முழுதும் எட்டவில்லை என்று கொசெட் ஒளிவின்றிச் சொல்லி, அதனைப் பியர்சனுக்கு அனுப்பிவைத்தார். பிற்காலத்திற் பியர்சனும் பிஷரும் தீராப் பகைவராயினர். இருவருக்கும் நண்பராயிருக்க முடிந்தவர் கொசெட் ஒருவரே எனலாம். நம் ஊர்ச் சங்கங்களிலும் இப்படி ஒருவர் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! (சிரிப்பொலி.)

இனி அவருடைய ஏனைய ஈடுபாடுகளுக்கு வருவோம். மேலே சொன்னவற்றைக் கேட்டவர்கள், இம்மனிதர் இரவும் பகலும் எண்களோடு கிடந்தார் என்று நினைக்கலாம். அவரோ நிறுவனத்தில் முழுநேர வேலை பார்த்துவிட்டு, எஞ்சிய நேரத்திற் கைக்குக் கிடைத்த கடித உறைகளின் பின்புறத்திலும் கணக்குப் போட்டுவிட்டு, அப்படியும் நேரம் கண்டுபிடித்துத் தோட்டத்தில் இறங்கினார்.

பழமரங்களில், சிறப்பாகப் பெயாஸ் மரங்களில், அவருக்குப் பெருவிருப்பம். ராஸ்பெரி, லோகன்பெரி முதலிய பழச்செடிகளை ஒன்றோடொன்று கலந்து புதிய இனங்களை உண்டாக்கினார்.  அவற்றுள் ஒன்றுக்கு, அயர்லாந்துக்காரரைச் செல்லமாக அழைக்கும் பெயரைச் சேர்த்து, 'பாடிபெரி' என்று பெயர். பெயர் வைத்த விதத்திலேயே அவர் உள்ளத்தின் குதூகலம் தெரிகிறது அல்லவா? புனைபெயருக்குள் ஒதுங்கி நின்ற மனிதர், தாம் வளர்த்த பழத்துக்கு விளையாட்டாகப் பெயர் சூட்டி மகிழ்ந்தார்.

தச்சுவேலையும் நன்றாகத் தெரியும். தம் கையாலேயே படகு கட்டினார். தூண்டிலிட்டு மீன்பிடிப்பவனுக்கு வசதியாக, இரு முனையிலும் சுக்கான் வைத்த படகு ஒன்றை அமைத்து, அதன் விபரத்தை 1936இல் 'தி பீல்ட்' என்னும் சஞ்சிகைக்கு எழுதினார். காற்று எத்திசையில் அடித்தாலும் படகைத் தாம் வேண்டிய வண்ணம் மிதக்கவிடுவதே நோக்கம். நெடுந்தூரம் நடப்பார், துவிச்சக்கரவண்டி ஓட்டுவார், பழைய மட்டைகளைக் கொண்டு கொல்ப் ஆடுவார். 1934இல் மோட்டார் விபத்தொன்றிற் கால் முறிந்து மாதக்கணக்கிற் படுத்திருக்க நேர்ந்தது. அந்தக் கட்டாய ஓய்வையும் புள்ளிவிபரத்துக்கே செலவிட்டார். கால் நன்றாயிருந்தாற் தோட்டம், கால் முறிந்தாற் கணக்கு!

இவற்றைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட எமக்கு மனம் வரவில்லை. செடிகளைக் கலந்து வளர்ப்பவனுக்கு ஒரு செடி இன்னொரு செடியைப்போல இராது என்பது கண்கூடு. நிழற்பக்கத்து மரமும் வெய்யிற்பக்கத்து மரமும் ஒரே காய்ப்புக் காய்ப்பதில்லை. அயர்லாந்தின் விவசாயத் திணைக்களமும் கின்னஸும் சேர்ந்து நடத்திய பார்லிப் பரிசோதனைகளிற் கொசெட் நேரே ஈடுபட்டார். வயல்களுக்கே சென்று பார்த்தார். வயலின் ஒரு மூலை வளமாகவும் மறுமூலை வரண்டும் இருக்கும். இரண்டு இனங்களை ஒப்பிடுபவன் ஒன்றை வளமான மூலையிலும் மற்றதை வரண்ட மூலையிலும் விதைத்தால், மண்ணுக்குக் கொடுக்கவேண்டிய பரிசை விதைக்குக் கொடுத்துவிடுவான். ஆகவே இரு இனங்களையும் அருகருகே நீள்வரிசையாக மாறி மாறி விதைக்கவேண்டும் என்று கொசெட் வற்புறுத்தினார். திருவுளச்சீட்டுப் போட்டு இடத்தைத் தீர்மானிப்பதே சிறந்தது என்றார் பிஷர். இருவருக்கும் 1930களில் இதுபற்றிக் கடும் வாதம் நிகழ்ந்தது. உலகம் பெரும்பாலும் பிஷரின் பக்கம் சாய்ந்தது. ஆனாலும் மண்ணை மிதித்தவனுக்கே தெரியும் சில நியாயங்கள் கொசெட்டின் பக்கத்தில் இருந்தன என்று இன்று சொல்வோரும் உளர். இதில் எவர் சரி என்று தீர்ப்புக் கூற நாம் துணியவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: அவ்வாதத்தில் அவர் பேசியது புத்தகத்திலிருந்தன்று, வயல்வரப்பிலிருந்து.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் மேசையில் வீணையோ, தபால்முத்திரைக் கொத்தோ, மண்படிந்த மண்வெட்டியோ கண்டவுடன் அது படிப்பின் பகை என்று எடுத்தெறிந்துவிடாதீர்கள். அது நாளை அவன் தொழிலுக்கு உதவும் என்று வாக்குறுதி தருகிறோம் என்று எண்ணவும் வேண்டாம், உதவாமலும் போகலாம். கொசெட்டின் படகு புள்ளிவிபரவியலுக்கு ஒன்றும் செய்யவில்லை. அது மிதந்தது, அவர் மகிழ்ந்தார், அவ்வளவே. இளைஞருக்கும் ஒரு வார்த்தை: இரவு பதினொரு மணிவரை அலுவலகத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பெருமையாகப் பேசும் வழக்கம் உங்களிடையே பரவி வருகிறது. அதைப் பெருமை என்று யார் உங்களுக்குச் சொன்னார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

1935இல் இலண்டனிற் பார்க் றோயல் என்னும் இடத்திற் புதிய ஆலை எழுந்தபோது, கொசெட் டப்ளினை விட்டு அங்கே பொறுப்பேற்கச் சென்றார். 1937இல் நிறுவனத்தின் தலைமைப் பதவிகளுள் ஒன்று அவரை வந்தடைந்தது. அதே ஆண்டு ஒக்ரோபர் 16ஆம் திகதி, தமது 61ஆவது வயதில், மாரடைப்பால் மறைந்தார். வயல்களில் விதைவரிசை அமைப்பதைப் பற்றிப் பிஷருக்கு மறுப்பாக அவர் எழுதிய கட்டுரை அடுத்த ஆண்டு 'பயோமெட்ரிக்கா'விற் வெளிவந்தது. அப்போதும் ஆசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'மாணவன்' என்றே இருந்தது.

கணக்குப் பகுதியிற் சந்தேகம் உள்ள பிள்ளைகள் கூட்டம் முடிந்தபின் எம்மிடம் வரலாம். அட்டைகளை வெட்டி, அந்தச் சோதனையைச் சிறு அளவிற் செய்து பார்ப்போம். கத்தரிக்கோலும் மட்டையும் கொண்டுவந்திருக்கிறோம்.